‘அவன் அப்படித்தான்’ என்று முடிவு கட்டும் முன்: மாணவரின் பின்புலம் அறிய வகுப்பாசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரசுப் பள்ளியில் பணியேற்ற முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு பட்டியல் கிடைத்துவிடும். யாரும் எழுதித் தர மாட்டார்கள், டீ இடைவேளையில் வாய்வழியாக வரும். “ஒன்பது பி-யா? கடைசி பெஞ்சுல ஒருத்தன் இருப்பான், சரியான தூங்குமூஞ்சி. மூணாவது வரிசைப் பொண்ணுக்குத் திமிரு ஜாஸ்தி. செங்கல் சூளைப் பசங்களை எல்லாம் கணக்குலயே சேர்க்காதீங்க சார், பாதியில போயிருவாங்க.” சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல, அதே ஊரில் பல காலம் பாடம் நடத்திக் களைத்தவர்கள். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போனால் அந்த வருடம் முழுக்க அதை உறுதிப்படுத்தும் சாட்சியம் மட்டும்தான் உங்கள் கண்ணில் படும்.

நாம் தாமதமாக வந்தால் பஸ் லேட். மாணவன் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவன். நமக்குச் சூழ்நிலை, அடுத்தவருக்குக் குணம் என்று பிரித்துவிடும் இந்தப் பழக்கத்தை லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977-இல் விரிவாக எழுதினார். அதைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, நம் வருகைப் பதிவேட்டைத் திறந்தாலே போதும்.

பின்புலம் அறிவது எதற்கு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிதாபப்படுவதற்கு அல்ல. பரிதாபப்படும் ஆசிரியர் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவார், வேலையைக் குறைத்துக் கொடுப்பார், பிள்ளை பத்தாம் வகுப்பில் போய் விழும். நாளைக் காலையில் நாம் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் பின்புலம் வேண்டும். கீழே உள்ள படிகளை ஜூன், ஜூலை இரண்டு மாதத்தில் பாடம் நடத்திக்கொண்டே செய்துவிடலாம்.

படி 1: பெயர் சூட்டாமல், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பாடவேளை, நடந்தது. ‘சோம்பேறி’, ‘திமிர்’, ‘மக்கு’, ‘பொய்யன்’ போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை.

‘சோம்பேறி’ என்று எழுத வந்த கையை நிறுத்தி இப்படி எழுதிப் பாருங்கள்: “செவ்வாய், இரண்டாம் பாடவேளை. டெஸ்க்கில் தலை சாய்த்துத் தூங்கினான். எழுப்பியதும் எழுந்தான், எதிர்த்துப் பேசவில்லை. மதியம் அறிவியலில் இரண்டு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னான்.” இப்போது உங்கள் கையில் ஒரு தகவல் இருக்கிறது: இவன் காலையில் மட்டும்தான் தூங்குகிறான். சோம்பேறி என்று எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது. இரண்டு வாரம் எழுதிய பிறகு மொத்தமாக வாசியுங்கள். பாதிப் பேர் விஷயத்தில் எங்கே தேட வேண்டும் என்பது அங்கேயே பிடிபடும்.

அமைதியான பிள்ளைகளையும் நோட்டில் சேருங்கள். நாம் தொல்லை தருபவர்களின் பின்புலத்தை மட்டுமே தேடுகிறோம். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல், மணி அடித்த பிறகும் வகுப்பைக் கூட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணை ‘நல்ல பொண்ணு’ என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவோம். நீண்ட விடுமுறை அறிவிக்கும்போது வகுப்பே கத்துகையில் அவள் முகம் மட்டும் வாடினால், அதையும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

படி 2: பதிவேடுகளும் ஊரின் நாட்காட்டியும்

வருகைப் பதிவேட்டில் எத்தனை நாள் வரவில்லை என்பதைவிட எந்தெந்த நாள் வரவில்லை என்பதுதான் பேசும். போன வருடப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் முன்பு படித்த பள்ளிகள், பெற்றோர் தொழில் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ‘கூலி’ என்ற ஒரே சொல்லில் பத்து விதமான வாழ்க்கை அடங்கிக் கிடக்கும் என்பதால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே பள்ளியில் அண்ணனோ தங்கையோ படித்தால் அவர்களின் வருகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே நாட்களில் வரவில்லை என்றால் காரணம் வீட்டில் இருக்கிறது.

அடுத்து, இந்தத் தேதிகளை ஊரின் தொழிலோடு பொருத்திப் பார்க்கவேண்டும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் நாம் கோட்டை விடுவது இங்கேதான்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், அதனால் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் ஆள் இறங்கும். முகூர்த்த நாள் நெருங்கினால் விலை ஏறும், விலை ஏறினால் வீட்டில் ஒரு கை கூடுதலாகத் தேவைப்படும். வரவில்லை என்று குறித்த தேதிகளுக்குப் பக்கத்தில் முகூர்த்தக் காலண்டரை வைத்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாம் பள்ளி திறந்து ‘நோட்டு எங்கே, ஜாமெட்ரி பாக்ஸ் எங்கே’ என்று கேட்கும் ஜூன் முதல் வாரம், படகுக்குப் போகும் வீட்டில் இரண்டு மாதமாகக் கடல் வருமானம் இல்லாத வாரம். அந்தப் பிள்ளையை நோட்டு இல்லை என்று வெளியே நிறுத்துவதில் எந்த ஒழுக்கமும் வளராது. பத்து நாள் பொறுத்தால் நோட்டு வந்துவிடும்.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களில் பொங்கல் கழிந்ததும் வகுப்பில் சில இடங்கள் காலியாகும். முன்பணம் வாங்கிய குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிருக்கும், மழை பிடிக்கும்வரை திரும்ப முடியாது. ‘பாதியில போயிருவாங்க’ என்று ஆசிரியர் அறையில் சொன்னது உண்மைதான், ஆனால் போவது அந்தப் பிள்ளையின் விருப்பம் அல்ல. இதில் ஆசிரியருக்குச் சட்டமே துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயதுள்ள பிள்ளைக்கு டிசி வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். டிசம்பரிலேயே பெற்றோரிடம் “எந்தப் பக்கம் போறீங்க?” என்று கேட்டுவைத்தால், பெயர் ‘நீண்ட நாள் வராதவர்’ பட்டியலில் விழுவதற்கு முன்பே சூளைக்கு அருகில் இருக்கும் பள்ளிக்குத் தகவல் சொல்லலாம்.

படி 3: மனதை ஆராயும் முன் உடம்பைப் பாருங்கள்

ஆசிரியர்கள் பிள்ளையின் குணத்தை அலசும் அளவுக்குக் காதையும் கண்ணையும் வயிற்றையும் கவனிப்பதில்லை.

முதலில் பசி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான் அது. ஏப்ரல் வரை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளை ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் முதல் இரண்டு பாடவேளையில் வயிற்றுவலி, தலைவலி, எரிச்சல் என்று வந்தால் “என்ன சாப்பிட்ட?” என்பதுதான் முதல் கேள்வி. ‘சாப்ட்டேன் சார்’ என்று வரும் பதிலை நம்பாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ‘இன்னிக்கு வீட்ல என்ன செஞ்சாங்க?’ என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

சீருடையும் இப்படித்தான். விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் கணுக்காலுக்கு மேல் ஏறிய பேண்ட்டைப் பார்த்து ‘ஸ்டைலா?’ என்று கேட்டவர்கள் உண்டு. அது போன வருடத்துப் பேண்ட்.

கண்ணுக்கு ஒரு எளிய சோதனை: கரும்பலகையில் புது வாக்கியம் ஒன்றை எழுதி, கடைசி பெஞ்சிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு முன்னால் வரவழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்து எழுதுபவன் காப்பியடிப்பதாக நினைக்கிறோம். பலகை அவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம். காதுக்கு, பின்னால் நின்று மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காது ஒழுகுவதை வீட்டில் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாதிப் பேச்சில் சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கக்கூடும், ‘கனவு காணுது’ என்று தலையில் தட்டக் கூடாது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்ட இந்தப் பெயர்களை முன்கூட்டியே குறித்துவையுங்கள். குழு வந்த அன்று யோசித்தால் ஞாபகம் வராது.

வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன், எழுதச் சொன்னால் எழுத்து மாறும், வாசிக்கச் சொன்னால் பாத்ரூம் போகக் கேட்பான் என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதையும் ஒரு மாற்றுத்திறனாக ஏற்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. சான்றில்லாமல் அவை கிடைக்காது, சான்று வாங்க நாளாகும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை ஒன்பதாம் வகுப்பிலேயே அணுகுங்கள்.

மாதந்தோறும் ஏறத்தாழ அதே நாட்களில் இரண்டு மூன்று நாள் வராத மாணவியைப் பற்றி விசாரிப்பதற்கு முன், பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஓர் ஆசிரியையிடம் கேளுங்கள். பல பள்ளிகளில் விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

படி 4: பிள்ளையிடம் பேசுவது

வகுப்பில் நிற்க வைத்து ‘ஏன்டா?’ என்று கேட்பது கேள்வியே அல்ல. அதற்கு ஒரே பதில்தான், தலைகுனிவு. நாற்பது பேர் முன்னால் எந்தப் பிள்ளை தன் வீட்டைப் பற்றிச் சொல்லும்?

ஏதாவது வேலை செய்துகொண்டே பேசுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும்போது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் போலீஸ் விசாரணைபோல ஆகிவிடும். அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும் இடமாகவும், காதுக்கு எட்டாத தூரமாகவும் இருக்கட்டும். காரணத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கேளுங்கள்.

“தம்பி, இன்னிக்கு எத்தனை மணிக்கு எந்திரிச்ச?”

“மூணு, மூணரை இருக்கும் சார்.”

“அவ்வளவு சீக்கிரமாவா? என்ன வேலை?”

“பூ எடுக்கப் போவோம் சார். அம்மா, நானு, தங்கச்சி.”

“எடுத்து முடிச்சு?”

“மார்க்கெட்ல போட்டுட்டு வருவேன். அப்புறம்தான் குளிச்சிட்டு ஸ்கூலு.”

இதில் எங்கேயும் ‘ஏன் தூங்குற?’ என்ற கேள்வி இல்லை, பதில் வந்துவிட்டது. ‘நேத்து ராத்திரி வீட்ல யார் யார் இருந்தீங்க?’, ‘வீட்டுப்பாடம் எழுத எங்க உக்காருவ?’ என்பவையும் நன்றாக வேலை செய்யும். பதில் வந்ததும் அறிவுரை சொல்ல வாய் துறுதுறுக்கும். அன்று சொல்லவே சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் அடுத்த முறை பேச்சு வராது.

பேசாத பிள்ளையிடம் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேளுங்கள். ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும், தாளவாடியில் கன்னடம், மதுரையில் சௌராஷ்டிரம், நரிக்குறவர் குடியிருப்பில் வாக்ரிபோலி, வால்பாறை எஸ்டேட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களின் மொழிகள். ‘ஒண்ணும் புரியாது, மக்கு’ என்று எழுதப்பட்ட பிள்ளைகளில் சிலர் தமிழை இரண்டாம் மொழியாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்.

‘படிச்சு என்ன சார் பண்றது?’ என்று கேட்கும் பையன் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறானா என்றும் பாருங்கள். இங்கேயே பிறந்திருந்தாலும் குடியுரிமை இல்லாவிட்டால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது என்பது அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவன் கேட்பது நியாயமான கேள்வி. தனியார் துறைப் படிப்புகளைப் பற்றி நீங்கள் முதலில் விசாரித்துவைத்துக்கொண்டு அவனிடம் பேசுங்கள்.

படி 5: வீட்டுக்குப் போவது

எல்லார் வீட்டுக்கும் போக நேரம் இருக்காது. நோட்டிலும் பதிவேட்டிலும் விடை கிடைக்காத நாலைந்து வீடுகளுக்குப் போனால் போதும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளையிடமும் முதல் நாளே “உங்க வீட்டுப் பக்கம் வர்றேன், குறை சொல்ல வரலை” என்று சொல்லுங்கள். சொல்லாமல் போய் நின்றால் அந்தப் பிள்ளைக்கு அன்று இரவு அடி விழலாம். மாணவி வீட்டுக்கு ஆசிரியை போவது நல்லது, அல்லது கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

வாசலில் நின்று தெருவே கேட்கும்படி பேசாதீர்கள். முதல் பேச்சு அந்தப் பிள்ளை நன்றாகச் செய்யும் ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும். ‘அக்கா, உங்க பையன் கபடியில நல்லா வர்றான்’ என்று தொடங்கினால் அந்த அம்மாவுக்கு மூச்சு திரும்பும், ஆசிரியர் வந்தாலே பிராது என்றுதான் அவர் பயந்து நிற்பார். பிறகு அவரைப் பேச விடுங்கள்.

தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். ‘இப்பதான் குடிச்சேன்’ என்று மறுப்பது உங்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். சில தெருக்களில், யார் தங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதை மூன்று தலைமுறையாகக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் குடித்தீர்களா இல்லையா என்பது மறுநாள் காலைக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

அப்பா அம்மா திருப்பூரில் வேலைக்கு இருக்க, அப்பத்தாவிடம் வளரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். இங்கே ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி எழும்: ராங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்தைப் பையனே போட்டுவிட்டான். ஏமாற்றுக்காரன் என்று மேலே போய்விடுகிறோம். கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவரும் வீட்டில் இல்லாதவன் வேறு என்ன செய்வான்? அப்பத்தாவின் கைரேகை போதும் என்று சொல்லிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. பிறகும் அவனே கையெழுத்துப் போட்டால் அப்போது கண்டியுங்கள்.

படி 6: சாதியைக் கேட்பதல்ல பின்புலம்

நம் ஊரில் ‘பின்னணி என்ன?’ என்றாலே பலருக்கு மனதில் வருவது சாதிதான். இதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். காலை மூன்றரைக்கு எழுவது, காது கேட்காதது, அப்பா ஊரில் இல்லாதது ஆகியவற்றை வைத்து நீங்கள் ஏதாவது செய்ய முடியும். ‘அவங்க ஆளுங்களே இப்படித்தான்’ என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அது ஆசிரியர் அறைப் பட்டியலின் இன்னொரு வடிவம்.

2023-இல் நாங்குநேரியில் மாணவர்களிடையே நடந்த சாதிய வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் உண்டு. உதவித்தொகை விண்ணப்பத்துக்காக ‘எஸ்சி, எஸ்டி எல்லாம் எழுந்திருங்க’ என்று வகுப்பில் சொல்வதை இன்றே நிறுத்துங்கள். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சாதி விவரம் உண்மையில் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. இருளர் போன்ற பழங்குடிப் பிள்ளைகள் பலர் சாதிச் சான்றிதழ் இல்லாததால் பத்தாம் வகுப்போடு நிற்கிறார்கள். பெற்றோரிடமே சான்றிதழ் இருக்காது, கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை அலைய வேண்டியிருக்கும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 தொடக்கத்தில்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன, பழைய சான்றிதழோடு இருப்பவர்களுக்குப் புதியது வேண்டும். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

படி 7: தெரிந்த பிறகு

பூத்தோட்டத்துப் பையனுக்கு என்ன செய்யலாம்? ‘பாவம், தூங்கட்டும்’ என்பது என் பதில் அல்ல. அவன் நன்றாக விழித்திருக்கும் மதிய நேரத்தில் வாசிப்பும் கணக்கும் வைக்கலாம். இரவு வீட்டுப்பாடத்துக்குப் பதிலாகப் பள்ளி விடும் முன் அரை மணி உட்கார வைக்கலாம். தேர்வு மாதத்தில் மட்டும் அவனை விட்டுவிட முடியுமா என்று அம்மாவிடம் கேட்கலாம். ஆனால் வாங்க வேண்டிய மதிப்பெண் அதேதான், அதில் தள்ளுபடி இல்லை.

சின்னப் பையன்களை அடிப்பவன் வீட்டில் தினமும் அடி வாங்குகிறான் என்று தெரிந்தால் அவன் கையைத் தடுக்காமல் விட முடியாது, அடி வாங்கியவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது. தண்டனை என்ற பெயரில் நாமும் அடித்தால் அவனுக்குப் பழக்கமான மொழியிலேயே பேசுகிறோம் என்று அர்த்தம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது.

ஒரு எச்சரிக்கை. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம், மறைத்தால் அது குற்றம். குழந்தைத் திருமண ஏற்பாடு, கொத்தடிமை வேலை, கடும் வன்முறை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். “சொல்லவேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்ற வாக்கைக் கொடுங்கள், அதைக் காப்பாற்ற முடியும்.

படி 8: நோட்டை என்ன செய்வது

அறிந்துகொண்ட பின்புலமே அடுத்த முத்திரையாக மாறுவதுதான் இந்த வேலையில் உள்ள பெரிய ஆபத்து. ‘தூங்குமூஞ்சி’ போய் ‘குடிகாரன் புள்ளை’ வந்தால் பிள்ளை இன்னும் மோசமான இடத்தில் நிற்கிறது. தூக்கத்தையாவது அவனால் மாற்ற முடியும், அப்பாவை மாற்ற முடியாது. எனவே நோட்டு பீரோவில் பூட்டியிருக்கட்டும். டீ இடைவேளையில் யார் வீட்டுக் கதையையும் எடுக்காதீர்கள், நல்ல எண்ணத்தில்கூட.

வருடக் கடைசியில் அடுத்த வகுப்பாசிரியரிடம் வகுப்பை ஒப்படைக்கும்போது நோட்டைக் கொடுக்காமல் ஒரு தாள் மட்டும் கொடுங்கள். அதில் கதை வேண்டாம், செய்யவேண்டியது மட்டும் போதும்: “இவனுக்கு இடது காது கேட்காது, வலது காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். இவளுக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டிருக்கிறது, ஜூலையில் விசாரியுங்கள். இவன் கைரேகையோடு கார்டு கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இவனுக்குக் கணக்கை மதியத்தில் நடத்துங்கள்.” ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம்.